ஓசை உண்டு, சொல் இல்லை

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை கவியரங்கம், எத்தனை பட்டிமன்றம், எத்தனை நூல் வெளியீடு என்று ஆண்டறிக்கை எண்ணிச் சொல்லும். அவ்வறிக்கையில் இடம்பெறாத கணக்கு ஒன்றும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் மாதந்தோறும் வந்து, பின்னர் வராமல் நின்றுவிட்ட உறுப்பினர்களின் கணக்கு அது. மறைந்தவர்களுக்கு இரங்கல் தீர்மானம் உண்டு; ஊர் மாறியவர்களுக்கு வழியனுப்பு விழா உண்டு. அதே தெருவில், அதே வீட்டில் இருந்துகொண்டே வராமற்போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்ற ஒரு சொல்லோடு அவர்கள் பெயர் மறக்கப்படுகிறது.

அத்தகையோருள் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தறிக்கூடத்திலோ, இரும்புப் பட்டறையிலோ, விசைப்படகின் எந்திர அறையிலோ முப்பதாண்டு உழைத்தவர். தொடக்கத்தில் பின்வரிசையில் நண்பர்களோடு அமர்வார். சில ஆண்டுகளில் நடுவரிசைக்கு வந்தார். பிறகு முன்வரிசைக்கு வந்தார். கவியரங்கில் நகைச்சுவை வரி ஒன்று வந்தபோது, அவை சிரித்து முடித்த பின்னர் அவர் சிரித்தார். அடுத்த ஆண்டு, 'என்ன சொன்னார்?' என்று பக்கத்தில் இருந்தவரிடம் இருமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்க நாணினார். அதற்கடுத்த ஆண்டு அவர் வரவில்லை. அவருடைய தமிழார்வம் அணுவளவும் குறையவில்லை. குறைந்தது செவி.

அவரைப் போன்றோர் வடசென்னையில் எத்தெருவிலும் இருப்பர். அவர்களுக்கு நேர்ந்தது என்ன, அதனோடு அவர்கள் வாழ்வது எவ்வாறு, அவர்கள்பால் ஓர் இலக்கிய மன்றத்தின் கடமை யாது என்பவையே இவ்வுரையின் பொருள்.

கேட்கக் கூடியவர்கள்

வள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' என்னும் அதிகாரங்களுக்குப் பின்னும் 'அறிவுடைமை'க்கு முன்னும், 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை, செவி என்னும் வாயில் திறந்தே இருக்கிறது என்பது அவ்வைப்பு முறையின் கருத்து. வடசென்னைத் தொழிலாளர் வரலாறு இதற்கு நேர்ச் சான்று.

பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு சபை இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதனை நடத்தினர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோர் வேலை முடிந்தபின் அங்குக் கூடிச் சமயச் சொற்பொழிவு கேட்டனர். ஆலைத் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உழைப்பதற்கு 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இடமளித்திருந்த காலம் அது. அந்தச் சபையில்தான் திரு.வி.க. பேசினார். கேட்கக் கூடிய அக்கூட்டமே தன் நிலையை எண்ணத் தொடங்கியது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது போற்றப்படுகிறது. அதன் தோற்றுவாய், சொற்பொழிவு கேட்கும் ஒரு சிறிய சபை.

இதில் உள்ள முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தறிகளின் இரைச்சலில் நின்ற செவியைக் கொண்டுதான் அவர்கள் மாலையில் தமிழ் கேட்டனர். எந்தச் செவி அவர்களுக்கு அறிவையும் அமைப்பையும் தந்ததோ, அந்தச் செவியே தொழிலுக்கு ஒவ்வொரு நாளும் செலுத்திய விலையாகவும் இருந்தது.

மூலக்கொத்தளம் என்னும் பெயரே பழைய நகர மதிலின் கொத்தளத்தை நினைவூட்டுவது. 1939-இல் முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் இம்மண்ணில் துயில்கின்றனர். இதனைச் சுற்றி எத்தனை தொழில்கள்! 1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழில், 1955 முதல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழில், அதே ஆண்டு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 1984-இல் அமைந்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். இவற்றுக்கு இடையே பெயர்ப்பலகை இல்லாத நூற்றுக்கணக்கான லேத்துப் பட்டறைகள், தகரப் பட்டறைகள், ஐஸ் உடைக்கும் கூடங்கள். நகரம் இவற்றால் வளர்ந்தது. இவற்றில் நின்றவர்களின் செவி இவற்றால் தேய்ந்தது.

தேய்மானத்தின் முறை

இது புதிய நோயன்று. செம்பு தட்டுவோரின் செவிடு பற்றி இத்தாலிய மருத்துவர் இராமசினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். 1886-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், பாய்லர் செய்யும் தொழிலாளர் நூறு பேரை ஆராய்ந்தார். கைக்கடிகாரத்தின் 'டிக்டிக்' ஓசையை எவ்வளவு தொலைவிலிருந்து கேட்கிறார்கள் என்பதே அவருடைய அளவுகோல். நூறு பேரில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. நான்கில் மூன்று பங்கினர் பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்க இயலாமலோ, மிகுந்த இடர்ப்பாட்டோடு கேட்டோ வந்தனர். பொதுக்கூட்டம் என்பதை அந்த மருத்துவர் ஓர் அளவாகக் கொண்டது கருதத்தக்கது. செவி தேய்ந்தவனை வீடு கைவிடுவதற்கு முன் அவை கைவிட்டுவிடுகிறது.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலி அலை புகும்போது அவை அசைந்து, அவ்வசைவு நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. பேரிரைச்சலில் அவை களைத்துச் சாய்கின்றன. ஓர் இரவு ஓய்வு கிடைத்தால் பெரும்பாலானவை நிமிரும். வேலை விட்டு வந்ததும் காது அடைத்தாற்போலிருந்து, விடிந்ததும் சரியாகிவிட்டது என்று இளந்தொழிலாளி சொல்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் சாய்ந்தவற்றுள் சில நிமிர்வதில்லை. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதும் இல்லை.

இந்தத் தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரைச்சல் முதலில் தாக்குவது உயர்ந்த சுருதியை. 4,000 ஹெர்ட்ஸ் அளவை ஒட்டிய பகுதியை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சணல் ஆலைத் தறிகளில் உழைத்தோரைப் பற்றி 1965-இல் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே உயர்சுருதிப் பகுதியின் இழப்புப் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பின்னர்ச் சில ஆண்டுகள் நின்றாற்போல் தோன்றி, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின் பேச்சுக்கு மிகத் தேவையான தாழ்ந்த பகுதிக்கும் பரவுகிறது. வீட்டு வாயிற்படி தேய்வதைப் போன்றது இது. எல்லாரும் மிதிக்கும் நடுவிடம் முதலில் குழிகிறது. ஒரு நாளில் குழிந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

வல்லெழுத்து முதலில் போகிறது

கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டிய இடம் இது. செவி தேய்ந்தவருக்குத் தமிழ் எப்படிக் கேட்கிறது?

உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ஆகவே அவை நெடுங்காலம் நிலைக்கின்றன. மெல்லினமும் இடையினமும், ஒன்றோடொன்று மயங்கினாலும், ஓசையாகச் செவிக்கு எட்டுகின்றன. வல்லினமோ கணப்பொழுதில் வெடித்து மறையும் எழுத்து. அதன் அடையாளம் உயர்சுருதியில் இருக்கிறது. சகரத்தின் உரசல் ஒலி அதனினும் உயர்ந்தது. எனவே முதலில் மறைவது வல்லெழுத்து. 'பட்டு, பத்து, பற்று' என்னும் மூன்றும் அவருக்கு ஒரே சொல்: முன்னே ஓர் அகரம், நடுவில் ஓர் இடைவெளி, இறுதியில் ஓர் உகரம். அவ்வுகரமும் அரை மாத்திரையே பெறும் குற்றியலுகரம். அது தேய்ந்தே ஒலிப்பது.

தமிழ் வினைமுற்றின் அமைப்பும் அவருக்குப் பகையாகிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றனுக்கும் வேறுபாடு கடைசி எழுத்தில் இருக்கிறது. பேசுவோரின் குரல் தாழும் இடமும் அதுவே. வந்தவர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்பது தெரியாமல் வாக்கியம் முடிந்துவிடுகிறது. வீட்டில் பேரக்குழந்தையின் மெல்லிய உயர்ந்த குரல் முதலில் புரியாமற்போகிறது. அடிவயிற்றிலிருந்து பேசும் பழைய நண்பரின் குரல் மட்டும் புரிகிறது. 'அவர் பேசினால் கேட்கிறது, நாங்கள் பேசினால் கேட்காதா?' என்று வீட்டார் மனம் வருந்துகின்றனர். அதில் அவர் குற்றம் ஏதும் இல்லை.

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பது பழமொழி. இரைச்சலால் செவி தேய்ந்தவர் திறத்தில் இப்பழமொழி பிழைபடுகிறது. சங்கொலி தாழ்ந்த சுருதி உடையது. அது அவருக்கு நன்றாகவே கேட்கும். மூலக்கொத்தளம் இடுகாட்டை நோக்கிச் செல்லும் இறுதி ஊர்வலத்தின் சங்கும் மேளமும் அவர் வீட்டுக்குள் இருந்தே கேட்கும். ஊர்வலத்தில் செல்வோர் இறந்தவர் பெயரைச் சொன்னால்தான் கேட்காது. ஓசை உண்டு, சொல் இல்லை. அவருடைய துன்பம் முழுவதும் இந்த நான்கு சொற்களில் அடங்கும்.

ஆயினும் முற்றிலும் இழப்பென்று சொல்வதற்கில்லை. குறில், நெடில் என்னும் வேறுபாடு காலத்தின் அளவைப் பொறுத்தது. மாத்திரை அவருக்குக் கேட்கிறது. ஆகவே அசையும் சீரும் கேட்கின்றன. ஒரு வெண்பாவைச் சொன்னால் அதன் நடை அவருக்குத் தெரியும். எதுகையும் மோனையும் மங்கும். முதலடியை மட்டும் தெளிவாகப் பெற்றுவிட்டால், எதுகை எது என்று அறிந்து அடுத்த அடியின் சொல்லை ஊகித்துக்கொள்வார். யாப்பு இங்கே அவருக்கு ஊன்றுகோலாகிறது. யாப்பின் துணையில்லாப் புதுக்கவிதையில் ஊகத்துக்கு இடம் குறைவு. ஒரு சொல் தவறினால் கவிதையே தவறிவிடும். மரபா புதுமையா என்னும் வழக்கில் இதனைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. புதுக்கவிதை படிப்போர் அதன் படி ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பயன்.

நடிப்பும் தனிமையும்

செவி தேய்ந்தவர் முதலில் கற்பது மருத்துவத்தை அன்று, நடிப்பை. புரியாதபோது தலையசைப்பார். பிறர் முகம் மலர்ந்தால் தாமும் சிரிப்பார். பேச்சைத் தாமே தொடங்கி, தாமே தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார். தாம் பேசும்வரை பிறர் பேச்சைக் கேட்க வேண்டிய இடர் இல்லை. 'வாய் ஓயாதவர்' என்ற பெயர் இவ்வாறு வருவதும் உண்டு. இந்நடிப்பு மிகுந்த களைப்பைத் தருவது. ஒரு மணி நேரக் கூட்டம் அவருக்கு ஒரு நாள் உழைப்புக்கு நிகர். களைத்தவர் ஒதுங்குகிறார்; ஒதுங்கியவரைச் செருக்குடையவர் என்கின்றனர்.

இவ்வொதுக்கம் மனத்தளவில் நிற்பதில்லை. மறதி நோய் பற்றி 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த லான்செட் ஆய்வுக்குழு அறிக்கைகள், தவிர்க்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகச் செவிக்குறையைச் சுட்டியுள்ளன. உரையாடல் இல்லாத மூளை, ஓட்டமில்லாத தறி போன்றது.

இரைச்சல் நின்றபின்னும் நில்லாத இரைச்சல் ஒன்று உண்டு. காதிரைச்சல் என்பது அதன் பெயர். சிலருக்குச் சில்வண்டு போல், சிலருக்கு நீராவி சீறுவது போல், வெளியே ஒலி ஏதுமின்றியே காதுக்குள் ஒலிக்கும். பக்கிங்காம், கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது, தறிகள் ஓய்ந்தன. ஆலையில் ஓய்ந்த தறி, காதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். நள்ளிரவில், தெருவெல்லாம் அடங்கிய பின், அவ்வொலி பெருகும். அதனை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. அமைதியான அறை அதற்கு உரம். மெல்லிய பிற ஒலி அதற்குத் தடை. மின்விசிறியின் ஒலி, தாழ வைத்த வானொலி ஆகியவற்றோடு உறங்கப் பழகியவர்கள் உண்டு. அச்சம் குறையக் குறைய அவ்வொலியும் பின்னால் நகர்கிறது; மணி கேட்டுப் பழகிய கோயில் வாயில் வீட்டார்போல, மனம் அதனைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்கிறது.

கருவியும் கண்ணும்

தேய்ந்த செவி மீளாது என்பது உண்மை. அதனோடு நன்கு வாழ முடியும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

முதற்படி, அளந்து பார்ப்பது. காதுக்குள் அழுக்கு அடைத்திருப்பதும் சீழ் வடிவதும் மருத்துவத்தால் தீர்பவை. அவை உள்ளனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். திடீரென்று ஒரு காது கேளாமற்போனால் அது தேய்மானம் அன்று. ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் செல்ல வேண்டிய அவசர நிலை. மூலக்கொத்தளத்துக்கு அண்மையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. அத்தகைய மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் செவித்திறனை வரைபடமாக எடுத்துத் தருவர். இரைச்சலால் தேய்ந்த செவியின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தைத் தம் கண்ணால் பார்த்த பின்னரே பலருக்கு மனம் ஆறுகிறது. இது தம் கவனக்குறைவன்று, மூப்பின் மந்தமன்று, தம் உழைப்பின் வடு என்பது அப்போது விளங்குகிறது.

அடுத்தது காது கேட்கும் கருவி. கண்ணாடி அணிவதில் யாருக்கும் நாணமில்லை; காதுக் கருவி அணிவதில் மட்டும் நாணம். அதனால் பத்தாண்டு தாமதித்து வாங்கி, பத்து நாளில் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். கண்ணாடி போட்ட அக்கணமே எழுத்துத் தெளிகிறது, கருவி அவ்வாறன்று. பல ஆண்டுகளாகக் கேளாத தட்டின் ஓசை, காகிதத்தின் சலசலப்பு, தம் காலடி ஓசை எல்லாம் ஒருங்கே வந்து மோதும். மூளை அவற்றை மீண்டும் வகைப்படுத்தப் பழகுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு, பின்னர் வீட்டாரோடு, அதன்பின் கடைத்தெருவில் என்று படிப்படியாகப் பழக வேண்டும். கருவியை அவருடைய செவியின் வரைபடத்துக்கு ஏற்பச் சரிசெய்வதற்கு வல்லுநரிடம் இருமுறை, மும்முறை செல்வதும் இயல்பே. கடற்கரைக் காற்றின் ஈரமும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் அதனைத் துடைத்து உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும்.

மூன்றாவது துணை கண். தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துகள் வாயில் எங்கெங்குப் பிறக்கின்றன என்று வகுத்துரைக்கிறது. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது. உதட்டசைவைப் படிப்பது என்பது அப்பிறப்பியலைக் கண்ணால் பயில்வதே. வாயின் முன்பகுதியில் பிறக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ககரமும் டகரமும் உள்ளே மறையும். 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒன்றே. ஆகவே கண் மட்டும் போதாது. செவி மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால், பேசும் பொருளும் முன்னரே தெரிந்திருந்தால், விட்டுப்போன சொல் தானே வந்து இடத்தில் அமரும். இங்கிலாந்தின் இலங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் நடுவே நின்ற பெண்கள், உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசும் ஒரு முறையையே தமக்குள் வளர்த்துக்கொண்டனர். இரைச்சல் செவியைக் கொள்ளையிட்டபோது கண் தோழியாக வந்தது.

இக்காலத்தில், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் கைப்பேசியில் தமிழுக்கும் வந்துள்ளன. செய்யுளிலும் பேச்சு வழக்கிலும் அவை தடுமாறும். எனினும் மருத்துவரிடமும் வங்கியிலும் பேசுவதற்கு உதவும்.

அவையின் கடமை

இதுவரை சொல்லப்பட்டவை செவி தேய்ந்தவர் செய்யத்தக்கவை. அவர் பாதி வழி வந்தால், மறுபாதி வழி அவை வர வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

முன்வரிசையில் சில நாற்காலிகள் அவர்களுக்கென இருக்கட்டும். அவை மாலை மரியாதைக்கு உரியவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் தள்ளப்படாதிருக்கட்டும். பேசுவோரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். முதுகுக்குப் பின் சாளரம் இருந்தால் முகம் இருண்டுவிடும். ஒலிவாங்கியை வாயை மறைத்துப் பிடிக்கலாகாது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதிருப்பது அவை நாகரிகம். செவி தேய்ந்தவருக்கு அது உயிர்நாடி. கூட்டம் நடக்கும் கூடத்தில் மின்விசிறிகள் இரைந்தால், தெருவோரச் சாளரம் திறந்திருந்தால், கருவி அணிந்தவருக்கு அவ்வொலிகளே முதலில் கேட்கும்.

கத்துவதால் பயனில்லை. கத்தும்போது நீள்வது உயிரெழுத்து. அது அவருக்கு முன்பே கேட்கிறது. வேண்டியது வல்லெழுத்தின் தெளிவு. சற்றே நிதானமாக, முகம் பார்த்துப் பேசினால் போதும். தேய்ந்த செவிக்கு மெல்லிய ஒலி கேளாது. பேரொலியோ மற்றவரைவிட மிகுதியாக வலிக்கும். 'கேட்கவில்லை' என்றவரே அடுத்த கணம் 'ஏன் கத்துகிறீர்கள்?' என்று கேட்பது இதனால்தான். ஒரு முறை சொன்னது புரியவில்லையென்றால், அதே சொல்லை நான்கு முறை சொல்வதைவிட வேறு சொல்லால் சொல்வது நலம். சொற்செல்வம் மிக்க கவிஞர்களுக்கு அது அரிய செயலா? 'ஒன்றுமில்லை, விடுங்கள் ஐயா' என்று மட்டும் சொல்லலாகாது. செவி தேய்ந்தோரை மிகவும் புண்படுத்தும் சொல் அதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, கவியரங்கக் கவிதைகளின் படிகளை முன்கூட்டியே தாளில் அளிக்க வேண்டும். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கவிஞரின் முகத்தையும் பார்த்திருப்பவருக்கு, ஓசை செவியிலும் சொல் கண்ணிலும் வந்து ஒன்றாகக் கலக்கும். செவி நலமுள்ளோர்க்கும் அத்தாள் வீண்போகாது.

இளையோர் பொருட்டு

தேய்ந்த செவிக்கு ஆறுதல் தேவை. தேயாத செவிக்குக் காவல் தேவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் இரைச்சலால் நேரும் செவியிழப்பைச் சேர்த்திருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் அதனைத் தொழில்வழி நோயாக ஏற்றது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. 85 டெசிபலுக்கு மேல் காவல் வேண்டும் என்பது உலகின் பல நாடுகளில் கொள்ளப்படும் கருத்து. டெசிபல் கணக்கு ஏமாற்றும் கணக்கு: மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது, பத்துக் கூடினால் பத்து மடங்காகிறது.

பட்டியலில் இருப்பதும் பயன் கைக்கு வருவதும் வேறு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், விசைப்படகில் செல்வோருக்கும், தகரப் பட்டறைச் சிறுவனுக்கும், இறுதி ஊர்வலங்களில் பறை இசைக்கும் கலைஞருக்கும் யார் செவியை அளந்து பதிவு செய்கின்றனர்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு செவியிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் அளவு இழப்பு இருந்தால்தான் செவிக்குறை உடையவர் என்னும் தகுதி. உயர்சுருதி முழுவதும் போய், தாழ்சுருதி எஞ்சி நிற்கும் தொழிலாளி பலமுறை அவ்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். சான்றிதழுக்கு அவர் செவி நன்று. கவியரங்குக்கு அது போதவில்லை.

ஆகவே வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்ல வேண்டும். காதில் பஞ்சு வைப்பது காவலாகாது. முறையாகச் செய்த காதடைப்பானோ காதுமூடியோ வேண்டும். கையெட்டும் தொலைவில் நிற்பவரோடு உரக்கக் கத்தித்தான் பேச முடிகிறது என்றால், அவ்விடம் செவியைத் தின்னும் இடம். வேலை முடிந்து காது இரைந்தால் அது எச்சரிக்கை மணி. 'பழகிவிட்டது' என்று பழந்தொழிலாளி சொன்னால், செவி பழகிவிடவில்லை, தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

திரும்பி வர வேண்டியவர்

தொழிலாளரின் செவிக்குத் தமிழ் தந்த திரு.வி.க. முதுமையில் கண்ணொளி இழந்தார். அதன் பின்னும் அவர் எழுத்து நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்' என்று தம் பிற்காலப் படைப்புகளுக்கு அவர் இட்ட பெயர்களில்கூட நகை குறையவில்லை. கண் போனபோது அவருக்கு வாயும் செவியும் துணை நின்றன. எழுதிக் கொடுக்க அன்பர் இருந்தனர். அவர் பேச்சைக் கேட்டு எழுந்த மரபில் வந்த தொழிலாளிக்குச் செவி போனபோது, கண் துணை நிற்கக் காத்திருக்கிறது. எழுதிக் கொடுக்கும் அன்பர் யார் என்பதே கேள்வி.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சாகும்போது, வராமற்போனவர்களின் பழைய முகவரிகளையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் போதாது. தொலைபேசியில் அழைத்தால் அவருக்குப் புரியாது. ஒருவர் நேரில் சென்று, எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, 'ஐயா, முன்வரிசையில் தங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம். கவிதைகளை முன்னரே தாளில் தருகிறோம்' என்று சொல்ல வேண்டும். முதல் முறை அவருக்குப் புரியாதுபோனால், பொறுமையோடு வேறு சொல்லால் மறுமுறை சொல்ல வேண்டும்.